முட்டை கொடுத்துக் கேட்ட பாட்டு

ஒரு காட்டில் ஒரு குயில் இருந்தது. நன்றாகப் பாடும். அதில் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

அதன் பெயர் செங்கண்ணன். விடிகிற நேரத்தில் அத்திமரத்து உச்சியில் உட்கார்ந்து பாடும். காடு முழுக்கக் கேட்கும். முயல் புல் தின்றுகொண்டே கேட்கும். எருமை சேற்றில் படுத்தபடி கேட்கும். யாரும் எதுவும் கொடுத்ததில்லை. செங்கண்ணனும் கேட்டதில்லை. பசித்தால் உட்கார்ந்திருக்கும் கிளையிலேயே அத்திப்பழம் பறித்துத் தின்னும். அவ்வளவுதான்.

குழந்தைகளே, இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். குயில் கூடு கட்டாது. சோம்பேறிக் குடும்பம். செங்கண்ணனின் பெண்டாட்டி புள்ளி, காக்கை வெளியே போன நேரம் பார்த்து, காக்கைக் கூட்டில் முட்டை இட்டுவிட்டு நழுவிவிடும். காக்கை அதையும் தன் முட்டை என்று நினைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்தால் ஊட்டியும் வளர்க்கும். இது குயில்கள் வெளியே சொல்லாத ரகசியம். தெரிந்தால் காக்கைகள் கொத்தியே கொன்றுவிடும்.

அதே காட்டில் வல்லடியான் என்றோர் உடும்பு. அதற்கு முட்டை என்றால் உயிர். ஆனால் ஒரு கூட்டுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினால் போதும், காக்கைகள் கூட்டமாக வந்து மண்டையில் கொத்தும். மண்டை முழுக்கத் தழும்பு.

ஒருநாள் வல்லடியான் அத்திமரத்தடிக்கு வந்தது.

"தம்பி, இன்றைக்கு நீ பாடும்போது முயல் என்ன செய்துகொண்டிருந்தது, பார்த்தாயா?"

"புல் தின்றுகொண்டிருந்தது அண்ணே."

"எருமை?"

"தூங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது."

"தூங்கவில்லை. சாணி போட்டுக்கொண்டிருந்தது. உன் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாணி! உனக்கு வெட்கமாக இல்லை?"

செங்கண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை அதற்கு வெட்கம் தோன்றியதே இல்லை.

"நான் என்ன செய்யட்டும்?"

"வாயை மூடு. பௌர்ணமி வரை ஒரு சத்தம் வரக்கூடாது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஒரே ஒரு கச்சேரி. கேட்க வேண்டுமா, விலை கொடுத்துவிட்டு வரட்டும். ஒரு குலை பழம் கொடுத்தால் பின்னால் நிற்கலாம். ஒரு முட்டை கொடுத்தால் முன்னால் உட்காரலாம். பழமெல்லாம் உனக்கு. முட்டை மட்டும் எனக்கு."

"முட்டையா? எந்தப் பறவை அண்ணே கொடுக்கும்?"

"பெரிய விலை சொல்லு, பெரிய பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஓடிவருவார்கள். உனக்கென்ன வந்தது? உன் முட்டையா போகிறது?"

செங்கண்ணன் சிரித்துவிட்டது. "எனக்குக் கூடே கிடையாது. எவன் முட்டை போனால் எனக்கென்ன!"

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் குயில் பாடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வேலை செய்துகொண்டே சும்மா கேட்டவர்களுக்கெல்லாம் காது நமநமவென்றது. அந்த நேரம் பார்த்து வல்லடியான் கிளிகளை ஏவிவிட்டது. கிளிகளுக்குச் சொந்தப் புத்தி எங்கே இருக்கிறது? சொன்னதை அப்படியே கத்திக்கொண்டு பறந்தன.

"கானகக் கந்தர்வன் செங்கண்ணன்! ஒரே ஒரு கச்சேரி! விட்டால் கிடைக்காது! விட்டால் கிடைக்காது!"

நேற்றுவரை குயிலாக இருந்தது. இன்றைக்குக் கந்தர்வன்.

ஒரு மாலையில் புள்ளி மூச்சு வாங்க அத்திமரத்துக்கு வந்தது. "என்னங்க, முட்டை இட்டுவிட்டேன். எந்தக் கூட்டில் என்று சொல்கிறேன், கேளுங்கள்."

"கச்சேரிக்குத் தயாராகிற நேரத்தில் வீட்டுக்கதை பேசாதே" என்றது செங்கண்ணன். "தொண்டை கெட்டுவிடும்."

"கேட்பதற்குக் காதுதானே வேண்டும், தொண்டை எதற்கு?"

"கந்தர்வனிடம் எதிர்த்துப் பேசாதே. போ."

புள்ளி போய்விட்டது.

இனி ஆலமரத்துக்கு வாருங்கள். அங்கே காரி என்ற காக்கையும் அதன் வீட்டுக்காரன் மூக்கனும் கூடு கட்டியிருந்தன. காரி மோசமான பறவை அல்ல. ஒரே ஒரு குறை. நாலு பேர் போகிற இடத்துக்குத் தான் போகாவிட்டால் அதற்குச் சோறு இறங்காது.

"என்னங்க, நான் கச்சேரிக்குப் போகிறேன்."

"என்ன விலையாம்?" என்றது மூக்கன்.

"முன்னால் உட்கார ஒரு முட்டை."

மூக்கன் தின்றுகொண்டிருந்த புழுவைக் கீழே போட்டுவிட்டது. "குயில் பாட்டுக்கு முட்டையா? பாழாய்ப் போன குயில் விடியற்காலையில் தூங்கவிட மாட்டேன் என்கிறது என்று திட்டினாயே, அது யார் பாட்டு?"

"அது சும்மா பாடின பாட்டு. இது கச்சேரி."

"தொண்டை அதே தொண்டைதானே?"

"உங்களுக்கு ஒரு எழவும் தெரியாது. மைனா போகிறாள். மயில் போகிறார். நாளைக்கு எல்லோரும் கச்சேரியைப் பற்றிப் பேசும்போது நான் மட்டும் 'கா' என்று நிற்கவா?"

"மற்ற நாளில் மட்டும் வேறு என்ன சொல்கிறாயாம்?"

காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டுக்குள் குனிந்து பார்த்தது. முட்டைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சின்னதாக இருந்தது.

"இதைக் கொடுத்துவிடுகிறேன். நோஞ்சான். பொரிக்குமோ பொரிக்காதோ."

"நோஞ்சானாக இருந்தால் நம் பிள்ளை இல்லையா?" மூக்கனின் குரல் உடைந்துவிட்டது. "உடும்பு அதை வைத்து என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? அவன் மண்டையில் இருக்கிற தழும்பில் பாதி நீ கொத்தினதுதானே?"

காரி ஒரு நிமிடம் நின்றது. முட்டையைப் பார்த்தது. சூடாக இருந்தது.

அப்போது ஆலமரத்துக்கு மேலே கிளிகள் பறந்தன. "விட்டால் கிடைக்காது! விட்டால் கிடைக்காது!"

காரி முட்டையை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது. மற்ற முட்டைகளின் மேல் மூக்கன் சிறகைப் பரப்பி உட்கார்ந்துகொண்டது.

அத்திமரத்தடிப் பொந்தின் வாயில் வல்லடியான் உட்கார்ந்திருந்தது. எதிரே நீண்ட வரிசை. விரட்டி விரட்டிக் கொத்தினார்களே, அவர்கள்தான். ஆளுக்கொரு முட்டையுடன், அடக்கமாக, ஒருவர் பின் ஒருவராக! திருடனுக்கு வேலையே மிச்சம்.

காரிக்கு முன்னால் மயில் நின்றது.

"வாருங்கள் ஐயா! எவ்வளவு பெரிய முட்டை!" என்றது வல்லடியான். "வீட்டில் சொல்லிவிட்டுத்தானே எடுத்தீர்கள்?"

"அவளிடம் எதற்குச் சொல்வது? அவளுக்குச் சங்கீத ஞானமே கிடையாது."

"உங்களுக்கு?"

"எனக்குத் தோகை இருக்கிறது" என்றது மயில். நடு இடத்தில் போய் உட்கார்ந்தது.

காரியின் முட்டையை வல்லடியான் நகத்தால் உருட்டிப் பார்த்தது. "என்னம்மா இது, சுண்டைக்காய் மாதிரி? முன்வரிசைக்கு இது போதாது. இன்னொன்று கொண்டுவா."

"ஒரு முட்டை என்றுதானே கிளிகள் சொல்லின?"

"அது நேற்றைய விலை."

"அப்படியானால் என் முட்டையைத் திருப்பிக் கொடுங்கள்."

"வாங்கினதைத் திருப்பித் தரும் வழக்கம் இங்கே இல்லை. மயிலுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. வேண்டுமானால் உட்கார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், சீக்கிரம்."

காரி உட்கார்ந்தது. வேறென்ன செய்யும்?

விடிகிற நேரத்துக் கச்சேரி என்றார்கள். வெயில் ஏறியது. செங்கண்ணன் வரவில்லை. கந்தர்வன் நேரத்துக்கு வந்தால் கந்தர்வன் ஆகுமா? உச்சிவெயிலில் வந்தது. உடனே பாடவில்லை. வல்லடியான் முன்னால் வந்து நின்று, கந்தர்வனைப் பற்றி ஒரு பாட்டு நேரம் புகழ்ந்தது. கந்தர்வன் வல்லடியானைப் பற்றி ஒரு பாட்டு நேரம் புகழ்ந்தது. பிறகு ஒரு வழியாகப் பாடத் தொடங்கியது.

தொடங்கியதும் மயில் தோகையை விரித்தது. காரிக்குத் தெரிந்தது தோகை மட்டும்தான். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. தோகை. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. தோகை.

பல நாள் பாடாமல் கிடந்த தொண்டை. இரண்டாவது பாட்டின் நடுவில் கரகரவென்று இழுத்துக்கொண்டது. செங்கண்ணன் இருமியது.

"ஆகா!" என்றது மைனா.

"இருமலில்கூட என்ன இனிமை!" என்றது மயில்.

காரியும் "ஆகா!" என்றது. முட்டையைக் கொடுத்தாகிவிட்டதே! இனி ஆகா சொல்லாமல் முடியுமா?

அந்த இரண்டு பாட்டோடு கச்சேரி முடிந்தது.

காரி ஆலமரத்துக்குத் திரும்பியது. மூக்கன் எழுந்திருக்கவில்லை.

"இரண்டாவது பாட்டில் தொண்டை கட்டிக்கொண்டதே, கவனித்தாயா?" என்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கே உட்கார்ந்துதான் கேட்டேன். முழுதும் கேட்டது. இருமல் உட்பட." மூக்கன் காரியைப் பார்க்காமலே கேட்டது: "பாடினவன் பார்க்க எப்படி இருந்தான்?"

மயில் தோகையில் கண்கள் எப்படி இருந்தன என்று கேட்டிருந்தால் காரி சொல்லியிருக்கும்.

இதற்குள் அத்திமரத்தடியில் செங்கண்ணனுக்குப் பழக்குவியல் கிடைத்திருந்தது. பாதிக்குமேல் அத்திப்பழம். அதே மரத்தில் பறித்தது. பொந்துக்குள் வல்லடியான் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. பெரியதெல்லாம் முடிந்து, சின்னது ஒன்று மட்டும் மிச்சம்.

அப்போது புள்ளி வந்தது. புருஷனிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பொந்துக்குள் பார்த்தது. திறந்த வாய் மூடவில்லை.

"அந்த முட்டை! அது எங்கிருந்து வந்தது?"

"ஆலமரத்துக் காரி கொடுத்தது" என்றது வல்லடியான். "ஏன் அம்மா?"

புள்ளி செங்கண்ணன் பக்கம் திரும்பியது. "சொல்ல வந்தேனே, கேட்டீர்களா? தொண்டை கெட்டுவிடும் என்றீர்களே! அது நம் பிள்ளை! நம் முட்டை!"

செங்கண்ணன் பழத்தைப் போட்டுவிட்டுப் பொந்தின் வாய்க்குப் பாய்ந்தது. "அண்ணே! அதைத் தொடாதே! அது என் முட்டை!"

வல்லடியான் முட்டையை நகத்துக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டது. உடும்பு பிடித்தால் விடுமா?

"உன் முட்டையா? கூடே கிடையாது என்றாயே தம்பி?"

"இந்தப் பழம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். அதைக் கொடுத்துவிடு."

"பழத்தை எவன் தின்பான்? சரி, காக்கைக் கூட்டுக்குள் உன் முட்டை எப்படிப் போனது? எனக்குப் புரியவில்லை. காரியையும் மூக்கனையும் கூப்பிடட்டுமா? எல்லாக் காக்கைகளும் வரட்டும். அவர்கள் முன்னால் நீயே விளக்கமாகச் சொல்லு."

செங்கண்ணன் வாயைத் திறந்தது. மூடியது. காடு முழுக்கக் கேட்கிற குரல். ஒரு வார்த்தை வரவில்லை. சொன்னால் காக்கைகள் புள்ளியையும் கொல்லும், தன்னையும் கொல்லும்.

"எவன் முட்டை போனால் எனக்கென்ன என்று சொன்னது யார்? நானா?" என்றது வல்லடியான்.

முட்டை உடைகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம் அல்ல. 'டக்' என்று ஒன்று.

அன்று பொழுது சாயும்போது செங்கண்ணன் அத்திமரத்து உச்சியில் உட்கார்ந்து கத்தியது. பாடவில்லை, அழுதது. ஆனால் குயில் அழுதாலும் பாட்டாகத்தான் கேட்கும். அதுவரை அந்தக் காட்டில் யாரும் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை.

கீழே மயில் போய்க்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது.

"சும்மாவா பாடுகிறான்? மவுசு போய்விட்டது போலிருக்கிறது." நிற்காமல் போய்விட்டது.

ஆலமரத்தில் காரி அதைக் கேட்டது. முட்டைகளின் நடுவில் ஒரு சின்னக் குழி. அந்த இடத்தை அலகால் தடவிப் பார்த்தது. தொட்டால் சூடு இருந்த இடம்.

"என்னங்க, காலையில் இப்படிப் பாடவே இல்லை."

"கேள்" என்றது மூக்கன். "இதற்கு விலை இல்லை."

"நம் நோஞ்சான் பொரித்திருக்கும், இல்லையா?"

மூக்கன் நகர்ந்து வந்து காரியை ஒட்டி உட்கார்ந்தது.

அங்கே மரத்தின் மேல் ஒன்று அழுதது. இங்கே கூட்டுக்குள் ஒன்று அழுதது. இரண்டும் ஒரே முட்டைக்காகத்தான். காரிக்கு அது தெரியாது. செங்கண்ணனால் அதைச் சொல்லவும் முடியாது.

பொந்துக்குள் வல்லடியான் வயிற்றை மேலே காட்டிப் படுத்துத் தூங்கியது. அதன் மண்டையில் அன்றைக்குப் புதுத்தழும்பு ஒன்றுகூட இல்லை.

நீதி: பெயரைப் பார்த்துக் கொடுக்கும் அநியாய விலையில் கேட்டவனும் இழக்கிறான், பாடியவனும் இழக்கிறான், நடுவில் நின்றவன்தான் தின்கிறான்.