திரை இல்லாத லாயம்

பவழக்கரை நாட்டில் நடந்த கதை இது. விடை தெரிந்த மாதிரி நடுவிலேயே தலையை ஆட்டாதீர்கள். ஆட்டியவர்கள் எல்லாம் கடைசியில் மாற்றி ஆட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

பவழக்கரைக்குக் குதிரைகள் கப்பலில்தான் வரும். கூடவே வேற்றுநாட்டு வைத்தியர்களும் வருவார்கள். குளம்பு அழுகினால் மருந்து போடுவார்கள், ஆனால் திரைக்குப் பின்னால். உள்ளூர்க்காரன் கற்றுக்கொண்டால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்ற பயம். காற்று திரும்பியதும் கப்பலேறி ஊருக்குப் போய்விடுவார்கள்.

அப்படி அவர்கள் போயிருந்த ஒரு பருவத்தில் எதிரி கணவாய் இறங்கினான். குதிரைகள் லாயத்தில் நொண்டி நிற்க, அரசி உலகநாச்சியின் அண்ணன் தரையில் நின்று போரிட்டு மாண்டான். அழுது முடித்த கையோடு அரசி ஓர் ஆணை போட்டாள்: "படைக்கான எந்தத் தொழிற்பணியையும், உள்நாட்டார் செய்யக்கூடுமானால் வெளிநாட்டாருக்குக் கொடுக்கக் கூடாது."

இப்போது குதிரைப்படைக்கு வைத்திய ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். கேட்டவர்கள் இருவர். ஒருவர் கோபண்ணர், பவழக்கரையிலேயே பிறந்த பெரும் செல்வர். மற்றவர் இசுமாயில், கடல் கடந்து வந்த வைத்தியர்.

படைத்தலைவர் மழவராயர் தாமே பார்க்கப் போனார். அவருடைய ஒரே மகன் கண்டன் கணவாய்க்குப் போகும் குதிரைவீரன். குதிரை நொண்டினால் பிள்ளை திரும்பமாட்டான். அந்தக் கவலை அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை.

கோபண்ணரின் லாயத்தில் ஒரு குதிரை காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இதற்கு மருந்து போடுங்கள், பார்க்கிறேன்," என்றார் மழவராயர்.

"நம் வைத்தியர்கள் துறைமுகம் போயிருக்கிறார்கள் ஐயா. வந்ததும் திரை கட்டிப் போட்டுவிடுவார்கள்," என்றார் கோபண்ணர்.

இசுமாயிலின் லாயத்தில் இசுமாயில் இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தார். ஆனால் உள்ளூர்ப் பெண் வீராயி எல்லார் கண்முன்னும் குளம்பைச் சீவி, மருந்தை அரைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். திரை எதுவும் இல்லை.

"வருஷா வருஷம் அவர் ஊருக்குப் போனாலும் லாயம் நடக்குமுங்க. கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு," என்றாள்.

சபை கூடியது. மழவராயர் இரண்டு லாயத்திலும் பார்த்ததைச் சொன்னார். "நான் இந்த மண்ணில் பிறந்தவன். ஆணைப்படி ஒப்பந்தம் எனக்கே," என்றார் கோபண்ணர்.

"பிறந்தால் போதுமா? உமக்கு வைத்தியம் தெரியாதே," என்றாள் அரசி. "வீராயி இங்கே பிறந்தவள், வைத்தியமும் தெரிந்தவள். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? அவளுக்கே கொடுங்கள்."

மழவராயர் எழுந்தார். "மன்னிக்க வேண்டும் தாயே. ஒப்பந்தம் இசுமாயிலுக்குத்தான். ஆணையை மீறினேன் என்றால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மழவராயர் சொன்னதே சரி. கோபண்ணரின் பெயர் உள்ளூர், அவர் வைத்திருப்பதோ திரை கட்டும் வேற்றுநாட்டு வைத்தியர்கள்; காற்று திரும்பினால் வைத்தியம் கப்பலில் போய்விடும். அவரைத் தள்ளுவது சுலபம். அரசியின் தீர்ப்புதான் ஆளை ஏமாற்றும். வீராயி எப்படி வைத்தியர் ஆனாள்? இசுமாயில் திரையைக் கட்டாததால். கற்றுக்கொடுத்தவன் வேலையைப் பறித்தால் இனி வருகிறவன் எல்லாம் இரண்டு திரை கட்டுவான், அப்புறம் இன்னொரு வீராயி வரமாட்டாள். ஆபத்துக் காலத்தில் வைத்தியம் நாட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த ஆணை? மழவராயர் இதைச் சொன்னதும் அரசி தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டாள். ஒப்பந்தத்தை இசுமாயிலுக்கே கொடுத்தாள். காற்று திரும்பியது, இசுமாயில் கப்பலேறினார், எதிரியும் கணவாய் இறங்கினான். கண்டன் குதிரைமேல்தான் வீடு திரும்பினான். அதற்குக் குளம்பு பார்த்தவள் வீராயி. அடுத்த பருவத்துக் கப்பலில் வந்த வைத்தியர்களில் ஒருவரும் திரைத்துணி கொண்டுவரவில்லை.