வாசலைப் பார்த்து நின்ற வண்டி

மலையடிவாரத்தில் ஒரு சாமி இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர்களில் மூத்தவர் பூதலிங்கம். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தன. சாமி அவரை அண்ணாச்சி என்பார். அண்ணாச்சி அவரைச் சாமி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குச் சீடர் என்று குழப்பமாகிவிடும்.

ஒரு நாள் காலை பூதலிங்கம் வந்தார். கும்பிட்டார். வழக்கம்போலக் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விடப் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாமி காரணம் கேட்டார்.

பூதலிங்கத்தின் தெருவில் வளர்ந்த கொம்பையா இப்போது கபடியில் பெரிய ஆள். ஏலத்தில் ஓர் அணி அவனைக் கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. அவனுக்கு அண்ணாச்சி என்றால் உயிர். அணியின் பேருந்தை ஓட்ட வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருந்தான். இப்போது வாங்குவதைப் போல மூன்று மடங்கு சம்பளம். அன்று மாலை ஊர் மைதானத்தில் அவன் ஆட்டம். முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

“போறதுல தப்பில்ல அண்ணாச்சி” என்றார் சாமி.

“தப்புன்னு சொல்லல. மனசுதான் ஆறல. அவன் மூச்சைப் பிடிச்சு அரை நிமிஷம் ஓடுதான், கோடி ரூபாய். நாங்க புகைக்குள்ள மூச்சைப் பிடிச்சு ஓடினா, சம்பளத்துக்கு மேல வரவேண்டிய படிப்பணம் வாங்க மாசக்கணக்கா அலையணும். அவனுக்கு அது தகுமா சாமி?”

சாயங்காலம் எங்கே இருப்பீர்கள் என்று சாமி கேட்டார். மைதானத்தில்தான், வண்டியோடு காவல் நிற்க வேண்டும் என்றார் பூதலிங்கம்.

“அப்ப நானும் வாறேன்.”

மைதானம் பிதுங்கி வழிந்தது. விழாக்காரர்கள் சாமிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். மரியாதைக்குச் சற்று நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து தீயணைப்பு வண்டிக்கு வந்துவிட்டார்.

வண்டி மைதானத்தின் வாசலைப் பார்த்து நின்றது. ஆட்டக்களம் அதன் முதுகுப் பக்கம். சாமி ஓட்டுநர் கதவோரம் நாற்காலியைப் போட்டு, தாமும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

முறுக்கு விற்கிற அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சாமி, ஆட்டம் அந்தப் பக்கம் நடக்கு.”

சாமி ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டார்.

பூதலிங்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. இங்கிருந்து வாசலும் ரோடும்தான் தெரியும், முன்னால் போய் உட்காருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்.

“நீங்க பாக்கறதை நானும் பாக்கேன்” என்றார் சாமி.

ஆட்டம் தொடங்கியது. பூதலிங்கம் காதாலேயே ஆட்டம் சொன்னார். கூட்டம் சட்டென்று அடங்கினால் கொம்பையா கோட்டைத் தாண்டிவிட்டான். வெடித்தால் தொட்டுவிட்டான். ‘அடடா’ என்று இழுத்தால் காலைப் பிடித்துவிட்டார்கள். இத்தனை வருடக் காவலில் அவர் எல்லா ஆட்டங்களையும் இப்படித்தான் பார்த்திருக்கிறார்.

பாதி ஆட்டத்தில் ஒருவன் வாசலுக்குக் குறுக்கே பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தான். பூதலிங்கம் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, பேர் தெரியாத அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு, நயமாகப் பேசி எடுக்கவைத்தார்.

கடைசிக் கட்டம் வந்தது. மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சாமி எழுந்தார்.

“அண்ணாச்சி, கடைசி ரெய்டு. கொம்பையாதான் போறான். வண்டியைக் கொஞ்சம் திருப்புங்க. ரெண்டு பேருமாப் பாப்போம்.”

“திருப்பவா?” பூதலிங்கத்தின் குரலே மாறிவிட்டது. “என்ன பேச்சுப் பேசுதீரு? இவ்வளவு சனம் இருக்கு. ஏதாச்சும் ஒண்ணுன்னா, வளைச்சு எடுக்கறதுக்குள்ள…”

யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாமி, கேட்டது கிடைத்தவரைப் போல உட்கார்ந்தார்.

மைதானம் அதிர்ந்தது. வண்டியின் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

“ஜெயிச்சுட்டான் பய!” பூதலிங்கம் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் தட்டினார். கண் நிறைந்துவிட்டது. தலை மட்டும் திரும்பவில்லை.

“இந்தச் சத்தத்துக்குக் கோடி ஜாஸ்தியா அண்ணாச்சி?”

பூதலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார். “இல்ல சாமி. தகும்.”

முழங்காலெல்லாம் மண்ணோடு கொம்பையா ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான். கடைசி ரெய்டைப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

“கேட்டேன்லே.”

அவன் சிரித்தான். பிறகு பதிலுக்காக நின்றான். பூதலிங்கம் அவன் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி, பேருந்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கொம்பையா வற்புறுத்தவில்லை. சாமியின் முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்தது. அண்ணாச்சி வண்டியைக் கிளப்பக் கையை வைத்தவர், அப்படியே நிறுத்தினார்.

“அவனுக்குத் தகும், சரி. எனக்குக் கொடுக்கறது சரியா சாமி?”

“சரியில்ல. ரொம்பக் குறைச்சல்.” சாமி நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். “கூட்டித் தரச் சொல்லிச் சத்தமாவே கேளுங்க அண்ணாச்சி. வண்டியைத் திருப்பாமக் கேளுங்க.”