எசக்கியின் கப்பரை

"அம்மா, இந்தச் சாவியை நீங்களே வாங்கிக்கிடுங்க" என்றான் எசக்கி.

அம்மை பாறை நிழலில் உட்கார்ந்து கிழிந்த துணியொன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தச் சாவி?"

"தானிய அறைச் சாவிம்மா. நேத்து எல்லாருமாச் சேர்ந்து எனக்குக் குடுத்தது."

"குடுத்தவங்ககிட்டே திருப்பிக் குடு."

"அவங்க எங்கே குடுத்தாங்க? பிச்சை போட்டாங்க."

அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உட்காரு."

எசக்கி உட்கார்ந்தான். சாவியை மடியிலிருந்து எடுத்துப் பாறைமேல் வைத்தான். பிறகு, வெயில் படுகிற இடமென்று தோன்றவே, மறுபடி எடுத்து மடியில் செருகிக்கொண்டான்.

அந்த மலைமேல் அம்மையின் மடம் இருந்தது. விளைகிற காலத்தில் அடிவாரத்து ஊர்கள் மடத்துக்குக் கம்பு அளக்கும். மழை பொய்த்த காலத்தில் மடம் அதை ஊருக்கு அளக்கும். யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்பதைச் சாவி வைத்திருப்பவன் முடிவு செய்வான். அவனைச் சீடர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அம்மை அதில் தலையிடமாட்டாள்.

இந்த வருடம் மழை பொய்த்தது.

வழக்கப்படி, முந்தின நாள் அந்தியில், சீடர்கள் எல்லோரும் பிச்சை வாங்கும் கப்பரையைக் கூடத்தில் தாங்கள் உட்காரும் இடத்தில் வைத்தார்கள். ஒவ்வொன்றையும் இலையால் மூடினார்கள். பிறகு விளக்கில்லாத கூடத்துக்குள் ஒவ்வொருவராக, கையில் ஒற்றைப் புளியங்கொட்டையோடு போய் வந்தார்கள். இவன்தான் என்று நினைப்பவனுடைய கப்பரையில் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது.

திருவம்பலம்தான் வருவான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. திருவம்பலத்துக்கே இல்லை. அவன் குளித்து, புதிதாகத் திருநீறு பூசிக்கொண்டு முன்னால் நின்றான்.

விளக்கைக் கொண்டுவந்து இலையை எடுத்தார்கள். திருவம்பலத்தின் கப்பரை காலி.

அடுத்தது காலி. அதற்கடுத்ததும் காலி. வரிசை முழுக்கக் காலி.

கடைசியில், வாசலோரம், எசக்கியின் கப்பரை. எல்லாக் கொட்டைகளும் அதில் கிடந்தன.

ஒரு மூச்சு நேரம் எசக்கிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் யாரும் ஏட்டைத் தொட்டதில்லை. மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுச் சொல்லும் பாட்டை அவன் பத்து நாள் முணுமுணுத்தும் நடுவில் தொலைத்துவிடுவான். அப்படிப்பட்டவனுடைய கப்பரை. அவனுக்கு ஆத்தாவின் நினைப்பு வந்தது. இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். இல்லை. சொல்ல வேறு யாரும் இல்லை.

பிறகுதான் பார்த்தான். ஒருவரும் கிட்டே வரவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ சாவியை அவன் கப்பரையில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இன்று காலையில் எசக்கி சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது, பாறைக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"பாவம், அவன் கப்பரையிலே ஒண்ணுகூட விழாதே, முகம் வாடிப்போவானேன்னு போட்டேன்."

"அட, நானும் அதுக்குத்தான்!"

"நான் யோசிச்சுத்தான் போட்டேன். நீங்க எல்லாரும் எப்படியும் திருவம்பலத்துக்குத்தான் போடுவீங்க. அந்தக் குவியல்லே என் ஒரு கொட்டை எதுக்கு? இவனுக்காவது போகட்டுமேன்னு."

"உங்க பாவத்தையும் யோசனையையும் கொண்டுபோய்க் கிணத்துல போடுங்க" என்றது சீடன் பூவலிங்கத்தின் குரல். "கருப்பட்டிப் பானையிலே நான் கை விட்டா, பார்த்தும் பாக்காத மாதிரி போறவர் எசக்கி அண்ணாச்சி ஒருத்தர்தான். எனக்கு அது போதும்."

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்ப என்னலே செய்யுறது?" என்றான் ஒருவன்.

எசக்கி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தான்.

அதன்பிறகு அவன் தானிய அறையின் பின்சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டான். காலை கழிந்தது. அவனைத் தேடி யாரும் வரவில்லை. கீழே படிக்கட்டில் ஊர்ப் பெண்கள் சிலர் ஓலைப்பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தகுதியில்லாதவன் அளந்தால் அது என்ன தானியம் என்று நினைத்தான். உச்சி வெயிலில், அவர்கள் கண்ணில் படாமல், முள் பாதை வழியாக ஏறி அம்மையிடம் வந்தான்.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி முடித்தான்.

"ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மை. "உனக்கு எது வலிக்குது?"

பொய் சொல்ல அவனுக்குப் பயம்.

"சொன்னது எதுவும் வலிக்கலைம்மா. இவன் செய்வான்னு ஒருத்தராவது சொல்வாங்களான்னு பாறைக்குப் பின்னாலே நின்னேன். கடைசிவரைக்கும் நின்னேன்."

அம்மை ஊசியில் நூல் கோத்தாள்.

"எதைப் பார்த்துப் போட்டிருக்கணும்?"

"அறிவோட போட்டிருக்கணும். யாராலே முடியும்னு பார்த்துப் போட்டிருக்கணும்."

"யாராலே முடியும்?"

"திருவம்பலத்தாலே. அவருக்கு ஊர்க்கணக்குத் தெரியும். நாலு பேர்கிட்டே பேசத் தெரியும். இல்லேன்னு சொல்ல வேண்டிய இடத்துல இல்லேன்னும் சொல்லத் தெரியும்."

"அப்ப உன் கொட்டையை அவனுக்குப் போட்டே."

எசக்கி மடியிலிருந்த சாவியை இன்னும் உள்ளே தள்ளிச் செருகினான்.

"அவன் கப்பரை காலின்னு சொன்னே" என்றாள் அம்மை.

"என்னுதுலதான் போட்டேன்."

"சாவி வேணும்னா?"

"சத்தியமா இல்லைம்மா." அவன் கையை விரித்தான். "இலையை எடுக்கையிலே எல்லார் முன்னாலேயும் வெறுமையாக் கிடக்குமேன்னு. ஒண்ணே ஒண்ணு இருந்தா, யாரோ ஒருத்தர் போட்டிருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க. இருட்டுல தடவிக்கிட்டே போனேன். என் கப்பரை விளிம்புல ஒரு உடைசல் உண்டு. விரல்ல அது தட்டிச்சு. தொட்டப்ப, அது என்னோடதுன்னே தோணலை. யாருமே இல்லாத எவனோ ஒருத்தன் அங்கே வெச்சிட்டுப் போன மாதிரி இருந்திச்சு. போட்டுட்டேன்."

"அது சுயநலமா, இரக்கமா?"

"தெரியலை."

"உன் கையிலே இருந்தது எத்தனை கொட்டை?"

"ஒண்ணு."

அம்மை தைத்துக்கொண்டே இருந்தாள். எங்கோ கீழே ஒரு குழந்தை அழுது, ஓய்ந்தது.

"சாவியைத் திருவம்பலத்துக்கிட்டே குடுத்துடறேன்" என்றான் எசக்கி.

"குடு. என்ன சொல்லிக் குடுப்பே?"

"நீங்கதான் இதுக்குத் தகுதின்னு சொல்லி."

"அவன் எங்கே இருக்கான்?"

"கூடத்துலதான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கார். நேத்திலேர்ந்து யார்கிட்டேயும் பேச்சில்லை. அந்தக் காலிக் கப்பரையைத் தலைமாட்டுல வெச்சிக்கிட்டு... பாக்கவே எனக்குப் பாவ..."

எசக்கி சொல்லை விழுங்கினான்.

அம்மை முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். துணியை மடித்து வைத்தாள். பின்னால் கையை நீட்டித் தன் கப்பரையை எடுத்து, அவன் முன்னால் வைத்தாள்.

காலியாக இருந்தது. காய்ந்திருந்தது.

"அம்மா இன்னும் சாப்பிடலையா?"

"எதை?"

எசக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று அடுப்படியில் புகை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கவில்லை. அவனுடைய வயிறுகூடக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மனக்கஷ்டம் என்று நினைத்திருந்தான்.

அவன் கை மடிக்குப் போயிற்று. சாவி உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது.

அம்மையின் கப்பரையை எடுத்துக்கொண்டு ஓடினான். இந்த முறை படிக்கட்டு வழியாகவே ஓடினான்.

தானிய அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டு ஊர்ப் பெண்கள் எழுந்து வந்தார்கள். முதலில் வந்தவள் இடுப்பில் குழந்தை வைத்திருந்தாள். பெட்டியை நீட்டாமல் நின்றாள்.

"சாமி, நாங்க மலைக்கு அந்தப் பக்கத்து ஊரு. இந்த மடத்துக்கு நாங்க ஒரு படிகூட அளந்ததில்லை. முன்னாடியே சொல்லிப்புடுறேன்."

எசக்கி என்ன கேட்க வேண்டும் என்று யோசித்தான். திருவம்பலமாக இருந்தால் ஏதாவது கேட்டிருப்பான். இவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பெட்டியை இப்படிக் காட்டு, தாயி."

அவள் போனாள். அடுத்தவள் வந்தாள். பெட்டிகள் தீர்ந்தபின் மடத்துக்காரர்கள் கப்பரையோடு வரிசையில் நின்றார்கள். பஞ்ச காலத்தில் அவர்களுக்கும் அளவுதான். தலைக்கு ஓர் உழக்கு, அம்மையின் கப்பரைக்கும் அதேதான். வாங்கிப்போய் அடுப்படியில் கொட்ட வேண்டும். சுனையில் பேசியவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

பூவலிங்கம் மட்டும் இளித்தான். "அண்ணாச்சி, அந்தக் கருப்பட்டிப் பானை..."

"இங்கேதான் இருக்கு. நானும் இங்கேயேதான் இருக்கேன்."

"அடப்பாவி" என்று பூவலிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தான்.

கடைசியில் திருவம்பலம் வந்தான். கண் வீங்கியிருந்தது. நெற்றித் திருநீறு நேற்றைக்குப் பூசியது, பாதி உதிர்ந்திருந்தது. வேறு பக்கம் பார்த்தபடி கப்பரையை நீட்டினான்.

எசக்கி ஓர் உழக்கு அளந்து போட்டான். உழக்கைக் கீழே வைத்தான்.

"பாவம் பார்த்து ஒரு பிடி கூடுதலாப் போட்டுறாதே" என்றான் திருவம்பலம்.

எசக்கியின் கை அதற்குள் கம்புக்குள் போயிருந்தது.