வாய் படாத கிளாஸ்

"டீச்சர், எனக்கு மூக்கு இல்லை."

செலின் நிமிர்ந்து பார்த்தாள். மாடியேறி வந்து எதிரே நின்ற சபாநாயகத்துக்கு முகத்தின் நடுவில் நல்ல எடுப்பான மூக்கு இருந்தது.

"இருக்கே சார்."

"ஒயினுக்கு இல்லை."

உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. ஒரு முடிவு தெரியாமல் உட்காரக் கூடாது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார்.

அவள் நாற்பதைத் தாண்டவில்லை. அவர் அறுபதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் அவர்தான் சீடர்.

புதுச்சேரியில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில், எந்த ஒயினை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிறவள் செலின். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், குருசுகுப்பத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில், ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேரைக் கூட்டிவைத்து ஒயின் ருசிக்கக் கற்றுக்கொடுப்பாள்.

அவர்களில் ஒருவரான சபாநாயகம் சர்வேயராக இருந்தவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் நிலத்தை அளந்தே தலை நரைத்தவர். பணி ஓய்வு பெறும் வரை, காபியைத் தவிர வேறு எதையும் அவர் ரசித்தார் என்று யாரும் அவர் மேல் புகார் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற வருஷம் நண்பர் வீட்டில் ஒரு கல்யாணம். பிரான்சிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை மரியாதைக்காக ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினை அவர் கையில் கொடுத்தான். அவரும் மரியாதைக்காகத்தான் குடித்தார். தொண்டையில் இறங்கிய பிறகு ஏதோ ஒரு வாசம் திரும்பி வந்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிப் போய்விட்டது.

யார் அது? அன்றிலிருந்து அதைத்தான் தேடுகிறார்.

புத்தகங்களாக வாங்கிக் குவித்தார். இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, குடித்த ஒயினுக்கெல்லாம் தமிழில் விமர்சனம் எழுதினார். படிக்கிறவர்களும் சேர்ந்தார்கள். அவர் மனைவி மங்கையர்க்கரசி மட்டும் அதைக் கஷாயம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கஷாயம் குடித்துவிட்டு எழுத உட்காரும்போது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதை அவளும் பார்த்திருந்தாள். அதனால் தடுக்கவில்லை.

அவர் வாழ்க்கையில் அமைந்ததெல்லாம் பிறர் பார்த்து வைத்தவை. படிப்பை அப்பா பார்த்தார். வேலையை மாமா பார்த்தார். வீட்டைக்கூட மைத்துனர்தான் பார்த்தார். இது ஒன்றில்தான் அவராகப் போய் விழுந்தார். இதற்கும் தான் லாயக்கில்லை என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடும். அது தெரிந்தும் கேட்க வந்திருந்தார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர். இன்னையோட நிறுத்திடறேன். அந்தப் பக்கத்தையும் மூடிடறேன்."

செலின் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"கடைசியா எழுதினதைப் படிங்க," என்றாள்.

அவர் கைபேசியை எடுத்து, கொஞ்சம் கணீரென்றே படித்தார். முதல் மணத்தில் பிளாக்பெரி. அதன் பின்னால் தேவதாரு மரம். நடுவில் ஈரமான ஸ்லேட் கல். முடிவில் பழைய சுருட்டுப் பெட்டி.

"பிளாக்பெரி சாப்பிட்டிருக்கீங்களா சார்?"

"இல்லை."

"தேவதாரு?"

"பென்சில் அந்த மாதிரி மரத்துலதான் செய்வாங்கன்னு எங்கயோ படிச்சேன்."

"சுருட்டுப் பெட்டி?"

"எங்க தாய்மாமா சுருட்டு பிடிப்பாரு. பெட்டி கிடையாது. மடியிலதான் முடிஞ்சு வெச்சிருப்பாரு."

செலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபாநாயகம் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப இந்த வார்த்தையெல்லாம் யார் வாயில இருந்து வந்துது?"

புத்தகத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மானம் போகும்.

செலின் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள்.

"குடிச்சுக் காட்டுங்க."

புத்தகத்தில் இருந்தபடி கிளாஸைச் சுழற்றினார். முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மோந்து பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கிளாஸை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவ்வளவு அகலமான கிளாஸில் அண்ணாந்து குடிப்பது லேசான காரியம் அல்ல.

சிதம்பரத்து வீட்டில் சின்ன வயதிலேயே படிந்துவிட்ட பழக்கம் அது. டம்ளரில் வாய் வைத்தால் அம்மாவின் கை முதுகில் விழும். வாய் பட்டால் எச்சில். எச்சில் பட்டது இன்னொருத்தருக்கு ஆகாது. சாப்பிடும் பண்டத்தை மோந்து பார்ப்பதும் அந்த வீட்டில் அதே குற்றம்தான். ஒயின் கிளாஸுக்குள் மூக்கை விட வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லிற்று. அது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு எதற்கு என்று அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டாள் செலின்.

"வந்துது. தட்டிச்சு. போயிடுச்சு."

"ம்."

"எங்க தப்பு பண்றேன் டீச்சர்? சொல்லுங்க, செஞ்சிடறேன்."

"சொன்னா செய்வீங்க. அதனாலதான் சொல்லல."

அவருக்குக் கோபம் வந்தது. இதற்கு நாலு திட்டுத் திட்டியிருந்தாலும் தேவலை என்று தோன்றியது.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார். அதுவரைக்கும் ஒயின் வேணாம். பெரிய மார்க்கெட்டுக்குப் போயி மோந்துட்டு வாங்க."

"எதை?"

"எது கூப்பிடுதோ அதை."

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடம் அளக்க வந்தவர் தோரணையிலேயே நடந்தார். கருவாடு கூப்பிட்டது. காது கேட்காதவர் போலத் தாண்டிப் போனார். பலாப்பழம் கூப்பிட்டது. அதற்கு ஈக்கள் ஏற்கெனவே வந்திருந்தன.

பூக்கடைப் பக்கம் திரும்பியபோது மரிக்கொழுந்து கூப்பிட்டது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் கை ஒரு கொத்தை எடுத்து மூக்கோடு வைத்து அழுத்திவிட்டது.

"இன்னா பெரியவரே, மோந்துட்டீங்க?"

பூக்காரி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைகள் திரும்பிப் பார்த்தன. சாமிக்குப் போகிற பூவை மோந்து வைத்தால் இனி யார் வாங்குவார்கள், பார்த்தால் விவரம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறீர்களே என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்வது நியாயம்தான். அவரும் பிறந்ததிலிருந்து சாமிப் பூவை மோந்தவர் அல்ல. வெட்கத்தோடு கூடையிலிருந்த மரிக்கொழுந்து முழுவதையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இனி இது சாமிக்கு ஆகாது. ஆகாது என்று ஆன பிறகு தயங்க என்ன இருக்கிறது? வழியெல்லாம் மோந்துகொண்டே நடந்தார். முதலில் ஒரு பச்சை வாசம். அப்புறம் அதற்குள்ளே ஒரு கசப்பு. கசப்புக்கு அடியில் நனைந்த வைக்கோல். தெருமுனை வந்தபோது இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது.

வாசலில் நின்ற மங்கையர்க்கரசி, கஷாயம் கடைசியில் தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, சாமிக்குத்தானே ஆகாது என்று ஒரு கொத்தைக் கிள்ளித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது.

சாயங்காலமே குருசுகுப்பத்துக்கு ஓடினார்.

"டீச்சர், மூக்கு இருக்கு."

"நான்தான் நேத்தே சொன்னேனே," என்றாள் செலின்.

"அப்ப ஒயின் மட்டும் ஏன் எனக்குத் தெரியல?"

அவள் ஒரு கிளாஸில் ஒயினை ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாடியின் கடைசிக்குப் போய் நின்றாள்.

"அங்கேருந்து சொல்லுங்க, இது என்ன ஒயின்?"

"அவ்வளவு தூரத்துலேருந்து எப்படித் தெரியும்?"

"எவ்வளவு தூரத்துலேருந்து தெரியும்?"

சபாநாயகம் நடந்து வந்தார். அவள் அசையவில்லை. கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். கிளாஸுக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இடம் விட்டு, கால் தானாக நின்றுவிட்டது.

"இவ்வளவு," என்றார்.

செலின் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர் மேலே நகரவில்லை. அவள் அந்த ஒயினைத் தானே குடித்துவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை. மூக்கு இல்லை என்றிருந்தால் தலைவிதி என்று விட்டிருக்கலாம். மூக்கும் இருக்கிறது, ஒயினும் இருக்கிறது, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை என்றால் யாரைக் குற்றம் சொல்வது? இந்த ஞாயிறும் அது தட்டிவிட்டு ஓடினால் இனி அந்த மாடிப்படி ஏறுவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். எப்போதும் கேலி செய்கிறவள் அன்று செய்யவில்லை. போய்விட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் இன்னும் இருவர் இருந்தார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் அந்துவான், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ரெஜினா. எப்போதும் ஆளுக்கு ஒரு கிளாஸ் இருக்கும். அன்று மேஜை மேல் ஒரே ஒரு கிளாஸ்தான் இருந்தது.

கம்பம் பக்கத்தில் ஒரு பெண் சின்னதாக ஓர் ஒயின் ஆலை தொடங்கியிருக்கிறாள் என்று செலின் சொன்னாள். பன்னீர் திராட்சையில் முதல்முதலாகப் போட்டதை ஒரு சின்னப் பாட்டிலில் அனுப்பி, நல்லாயிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இருப்பதே கொஞ்சம். ஆளுக்கு ஆள் பிரித்தால் கிளாஸில் மணம் நிற்காது. ஒரே கிளாஸில் ஊற்றிக் கைமாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

சபாநாயகம் மேஜையில் இன்னொரு கிளாஸ் இருக்கிறதா என்று தேடினார்.

செலின் முதலில் குடித்தாள். ரெஜினா வாங்கி, ரோஜாப்பூ, லிச்சி என்றாள். அந்துவான் வாங்கி, ரொம்ப இளசு, இன்னும் ஒரு வருஷம் கிடக்க வேண்டும் என்றார். பிறகு கிளாஸ் இவர் கைக்கு வந்தது. விளிம்பில் ரெஜினாவின் உதட்டுச்சாயம் பதிந்திருந்தது. அடியில் ஒரே ஒரு மடக்கு மிச்சம் இருந்தது.

அந்துவான் நல்ல மனுஷர். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இருங்க சார். நீங்க எச்சில் பாப்பீங்க. கழுவிக் குடுத்துடறேன்."

"கழுவிட்டு எதை ஊத்துவீங்க? பாட்டில் காலி," என்றாள் செலின்.

சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சபாநாயகம் கிளாஸைத் தூக்கினார். தலை பழக்கத்தில் பின்னால் சாய்ந்தது. அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் ஒரு நொடி வேலை. வரும், தட்டும், போய்விடும். பாட்டிலும் காலி. அப்புறம் இதை எங்கே போய்த் தேடுவது? அவருக்கு அழுகை வரும் போல் இருந்தது.

தலையை நிமிர்த்தினார். கிளாஸைத் தாழ்த்தினார். பிறகு குனிந்து, மூக்கு முழுவதையும் உள்ளே விட்டார்.

தட்டவில்லை. நேராக உள்ளே வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. விளிம்பில் எந்த இடம் என்று பார்க்காமல் வாய் வைத்து உறிஞ்சினார். மறுபடி மூக்கை உள்ளே விட்டார். நிமிர்ந்தபோது மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பம்புசெட் ரூம்," என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"சர்வேக்குப் போற இடத்துல, மத்தியான வெயில் தாங்காம பம்புசெட் ரூம்ல போயி உக்காருவோம். அந்த வாசனை. பாசி. ஈரச் சிமெண்டு. மோட்டார் எண்ணெய், கொஞ்சந்தான். அப்புறம்..." கண்ணை மூடிக்கொண்டார். "தொட்டி மேல யாரோ ஒரு கொய்யாப்பழத்தை வெச்சுட்டுப் போயிருக்காங்க."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒயினில் பம்புசெட் வாசனை என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அந்துவான் கேட்டார். எந்தப் புத்தகத்திலும் போடவில்லை என்று சபாநாயகம் சொன்னார். சொல்லும்போது அவருக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

செலின் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"கொய்யாவா?"

"ஆமா டீச்சர். நல்லாப் பழுத்தது. ஒரு பக்கம் அணில் கடிச்சிருக்கு."

அவள் நாக்கை மேலண்ணத்தில் வைத்து, தான் குடித்ததை நினைவில் தேடினாள். தேடியது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையை நீட்டினாள்.

சபாநாயகம் கிளாஸைப் பார்த்தார். அடியில் இரண்டு சொட்டு இருந்தது. கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

"நான் வாய் வெச்சுட்டேன் டீச்சர்."

"குடுங்க சார். எனக்கு அந்தக் கொய்யா தெரியல."