மரியதங்கம் வாங்குன பைனாகுலர்

ஒரு ஊர்ல ஒரு மரியதங்கம் இருந்தா. ஊருன்னா வால்பாறைக்கு மேல, மேகம் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போற தேயிலைத் தோட்டம். அங்க கொழுந்து பறிக்கிறதுதான் அவ வேலை. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பா. போட்டும் தூரத்துல எல்லாம் மசமசன்னுதான் தெரியும். ம் சொல்லு.

ம்.

ஒரு நாள் பாறையைப் பாத்து "யானை!"ன்னு கத்துனா. எல்லாரும் கூடையைப் போட்டுட்டு தடதடன்னு ஓடுனாங்க. அப்புறம் இன்னொரு நாள், யானையைப் பாறைன்னு நெனச்சு, பக்கத்துல ஒக்காந்து சோத்து டப்பாவைத் தொறந்தா. பாறை நடந்து போயிடுச்சு. அவ டப்பாவை மூடி வெச்சா.

வீட்டுக்கு வந்து புருஷன் சவரிமுத்துகிட்ட சொன்னா. "ஏங்க, எனக்கு ஒரு பைனாகுலர் வேணும்."

"அதெதுக்கு? யானை கிட்ட வந்தா தானா பெருசாத் தெரியப் போவுது."

"அதுக்குத்தாங்க பயமா இருக்கு."

அப்புறம் போனஸ் வந்ததும் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுனா. கடைக்காரர் மொதல்ல ஒரு பெரிய பைனாகுலரை எடுத்து வெச்சாரு. "இருபது மடங்கு காட்டும்க்கா." அவ வாசலுக்கு வந்து கரண்ட் கம்பியில இருந்த காக்காவைப் பாத்தா. கை கிடுகிடுன்னு ஆடுச்சு, காக்காவும் கூடவே ஆடுச்சு. "காக்கா நல்லாத்தான் இருக்கு, என்னாலதான் முடியல"ன்னு திருப்பிக் குடுத்தா.

அப்போ அவரு உள்ளங்கை அளவு ஒண்ணு குடுத்தாரு. வெலை ரொம்பக் கம்மி. பஸ் ஸ்டாண்டு கூரைக்கடியில இருட்டா இருந்த எடத்தைப் பாத்தா. பைனாகுலர்ல இன்னும் இருட்டா இருந்துச்சு. எங்க ஊரு பனியில இது எதுக்காவும்னு அதையும் வெச்சுட்டா.

மூணாவது நடுத்தரமா இருந்துச்சு. எட்டு மடங்கு. காக்கா ஆடல. கூரைக்கடியில தூங்குற நாய் தெளிவாத் தெரிஞ்சுது. கண்ணு வைக்கிற எடத்துல ரப்பரை மடிச்சு விட்டா, மூக்குக் கண்ணாடியோடயே முழுசாத் தெரிஞ்சுது. வெலையும் அவ கைக்கு அடக்கந்தான். அதையே வாங்கிட்டா. தூங்கிட்டியா?

இல்ல.

அப்புறம் வீட்டு வாசல்ல பழகுனா. ரெண்டு வட்டமும் ஒரே வட்டமாத் தெரியுற வரைக்கும் நடுவுல மடக்குனா. ஒரு கண்ணுக்கு நடுச் சக்கரத்தைத் திருப்புனா, இன்னொரு கண்ணுக்கு ஓரத்து வளையத்தைத் திருப்புனா. மரத்துல கொரங்கைப் பாத்தா, கண்ணை அது மேலருந்து எடுக்காமயே பைனாகுலரைத் தூக்கணும். குனிஞ்சு பைனாகுலரைப் பாத்துட்டு நிமிந்தா கொரங்கு போயிருக்கும். நெறைய கொரங்கு போச்சு. அப்புறம் கைவந்துடுச்சு.

ஒரு நாள் காலையில ரெண்டு பேரும் வேலைக்குக் கெளம்புனாங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் பனிக்குள்ள ஏதோ கருப்பா இருந்துச்சு. "நில்லுங்க"ன்னுட்டு மரியதங்கம் பைனாகுலரைத் தூக்குனா. கருப்புக்கு ஒரு காது இருந்துச்சு. படக், படக்குன்னு ஆடுச்சு. அதோட காலுக்கு நடுவுல குட்டியா இன்னொரு காது.

"குட்டியோட நிக்குதுங்க."

"எங்க, குடு பாப்போம்." சவரிமுத்து வாங்கிப் பாத்தாரு. "அடப்போ, எறும்பாட்டம் எங்கயோ நிக்குது. அது வர்றதுக்குள்ள நாம போயிட்டு வந்துடலாம்."

சொல்லிட்டு சரசரன்னு ஓடையில எறங்குனாரு. மரியதங்கம் அவரு சட்டையைப் புடிச்சு இழுத்தா. பைனாகுலரை வாங்கி, முன்னாடி பின்னாடி மாத்தித் திருப்பி, நேராப் புடிச்சு அவரு கையில குடுத்தா.

அவரு பாத்தாரு. கண்ணை எடுக்கவே இல்ல.

"மரியதங்கம்."

"என்ன?"

"அதுக்கு இமைமுடி இருக்கு."

அப்புறம் ரெண்டு பேரும் வந்த வழியே பின்னால நகந்து, ஒரு பாறைக்கு மறைவா நின்னுட்டாங்க. நெசப் பாறைதான், தொட்டுப் பாத்துட்டா. யானை தண்ணி குடிச்சுது, குட்டியைத் தும்பிக்கையால தள்ளித் தள்ளி மேட்டுல ஏத்துச்சு. குட்டி சறுக்குச்சு. திரும்ப ஏத்துச்சு. அப்புறம் ரெண்டும் சோலைக்குள்ள போயிடுச்சு.

"குடுங்க, நானும் பாக்குறேன்"ன்னா மரியதங்கம்.

"இரு"ன்னாரு சவரிமுத்து.

"அதான் போயிடுச்சே."

"இரு."

அவரு பாத்துக்கிட்டே இருக்கட்டும். நீ கண்ணை மூடு. கதையும் காட்டுக்குள்ள போயிடுச்சு.