பத்துப் போன்களும் காலை உரையும்

அன்று கேஸ் குடோனில் இருந்தவர்கள்: சிலிண்டர் போடும் ஆட்கள் ஒன்பது பேர், பில் போடும் செண்பகவல்லி, மேனேஜர் கனகசபாபதி, ஆகப் பதினொரு பேர்.

டெலிவரி ஆப் பத்துப் போன்களில் அப்டேட் ஆகவில்லை. போனில் இடமில்லை என்றே காட்டியது. பத்தாவது மேனேஜருடையது, அதை அவர் சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ட குப்பையையும் சேத்து வச்சிருக்கீங்க! பத்து மணிக்குள்ள அப்டேட் ஆகாதவன் வேலையை விட்டுப் போயிரணும்!" என்று கத்தினார்.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் இசக்கியப்பன். தினம் நாற்பது சிலிண்டர் மாடியேற்றும் தோள் அவனுடையது. ஆனாலும் பணிவாகக் கேட்டான்.

"யாரு குப்பைன்னு பாக்காம அழிச்சிரலாமா சார்?"

"எவன் குப்பையா இருந்தா என்னல? அழி!"

இசக்கியப்பன் போனைச் செண்பகவல்லியிடம் நீட்டினான். "என்னென்ன இருக்குன்னு சத்தமா வாசிங்க தாயி."

"ஒங்க மக போட்டோ ஒண்ணு. மேனேஜர் சார் தினம் அனுப்புற காலை உரை, வீடியோ இருநூத்திப் பதினாலு."

"ஒண்ணையும் அழிக்கக் கூடாதுன்னு சார்தான் உத்தரவு போட்டிருந்தாக," என்றான் இசக்கியப்பன். "இப்ப அவுகளே குப்பைன்னுட்டாக."

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பேரும் காலை உரைகளை அழித்தார்கள். ஒன்பது போன்களும் அப்டேட் ஆயின.

பத்து மணி அடித்தது.

"உங்க போன் சார்?" என்று கேட்டான் இசக்கியப்பன்.

தன் உரையைத் தானே அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்டேட் ஆகாமல் மிஞ்சிய போன் ஒன்று.