ரப்பரில் வந்த முகம்

சாத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் பவளம் டீச்சர் ஓவிய வகுப்பு நடத்தினார். டீச்சருக்கு முப்பது வயது. மாணவர் தவசிலிங்கத்துக்கு ஐம்பத்தாறு. பஸ் டிரைவர்.

அவர் படிக்க வந்தது ஒரே ஒரு முகத்துக்காக. மனைவி ராசாத்தி இறந்து மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம். மேடையில் அம்மா படம் இருக்க வேண்டும் என்றாள் மகள். ராசாத்தி நல்ல கருப்பு. ஸ்டுடியோவில் கொடுத்த போட்டோவிலோ முகத்தை வெளுப்பாக்கி வைத்திருந்தார்கள். "இது அம்மா இல்லப்பா. நீங்களே வரைஞ்சு தாங்க" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை நான்காவது முறையாக வரைந்த தாளோடு வந்தார். கூந்தல் கருப்பு, புருவம் கருப்பு, பொட்டு கருப்பு. முகம் வெறும் வெள்ளைத் தாள். ஸ்டுடியோக்காரனை வாய் நிறையத் திட்டிவிட்டு இவரும் அதையேதான் செய்திருந்தார்.

"மககிட்ட காட்டினேன் டீச்சர். 'யாருப்பா இது'ன்னு கேட்டுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்திரிச்சு வந்துட்டேன்."

டீச்சர் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"முகத்துல கரியே படலையே அண்ணாச்சி."

"அவ சிரிச்சா முகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதுக்குத்தான் வெள்ளையா விட்டேன். எவ்வளவு விட்டாலும் வெளிச்சம் மட்டும் வரமாட்டேங்குது. ஏன் டீச்சர்?"

டீச்சர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கரித்துண்டைப் படுக்க வைத்து மேலிருந்து கீழ்வரை தேய்த்தார். தாள் முழுக்கக் கருத்துப்போனது.

தவசிலிங்கத்தின் கரிப் பென்சிலை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, ஒரு ரப்பர் துண்டை நீட்டினார் டீச்சர்.

"இதுக்குள்ளயா அவ இருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தது நீங்க. சிரிக்கும்போது வெளிச்சம் முதல்ல எங்க விழும்?"

"எப்பவாவது என் பஸ்ஸுல வருவா. டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கிற கண்ணாடியில பாப்பேன். மூக்குத்திதான் மொதல்ல தெரியும்."

"அதை மட்டும் அழிங்க."

ஒரு புள்ளி வெள்ளை வந்தது. அட, என்று குனிந்து பார்த்தார்.

"அடுத்து?"

"கன்னத்து மேடு. அப்புறம் பல்லு. முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"அழிங்க."

பிறகு டீச்சர் கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. கீழுதடு, கண்ணின் ஓரம், காதுத் தோடு என்று அவராகவே தேடித் தேடி அழித்தார். டீ வந்து ஆறிப்போனது. நிமிர்ந்து இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தபோது, பஸ் கண்ணாடியில் தெரிந்த மாதிரியே ராசாத்தி தாளுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரப்பரைப் படத்தின் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"அங்க வெளிச்சம் விழுந்துச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல." கை நின்றது. "ஆனா இம்புட்டுக் கருப்பா மேடையில வச்சா, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க டீச்சர்?"

டீச்சர் படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

"மககிட்ட காட்டுங்க அண்ணாச்சி. யாருன்னு கேக்கிறாளா பாருங்க."